காவல் நிலையம் யாருக்காக? சென்னைக் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை

"எங்கள் குடும்பத்தில் யாரும் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை" என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. வம்பு வழக்கு இல்லாமல் வாழ்ந்தோம் என்பதுதான் அதன் பொருள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பெருமை நாளடைவில் ஒரு தயக்கமாக மாறிவிட்டது. கைப்பேசி பறிபோனால் புகார் கொடுக்காமல் புதிது வாங்கிக்கொள்கிறோம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால் வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறோம். கணவன் அடித்தான் என்று மகள் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தால், நாலு பேருக்குத் தெரிந்தால் என்னாவது என்று யோசிக்கிறோம். வளைகுடாவில் வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கி ஏமாற்றியவரிடம் மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

வேறு வழியே இல்லாமல் காவல் நிலையத்துக்குப் போகும்போதும் நேராகப் போவதில்லை. "அங்கே யாரையாவது தெரியுமா?" என்று விசாரித்து, ஒரு கட்சிக்காரரையோ புரோக்கரையோ முன்னால் நிறுத்திக்கொண்டு போகிறோம். இதனால் நமக்கு இரண்டு இழப்புகள். ஒன்று, காலம் கடந்துவிடுகிறது. இன்னொன்று, சட்டம் நமக்குக் கொடுத்திருப்பதை யாரோ ஒருவரின் தயவாகப் பெற்றுக்கொள்கிறோம்.

சென்னை மாநகரக் காவல்துறை மக்களுக்கு என்னென்ன சேவைகளைத் தருகிறது, அதை எப்படி அணுகுவது, அது நம் வீட்டுப் பிள்ளையை விசாரணைக்கு அழைத்தால் நமக்கு உள்ள உரிமைகள் என்ன, ஒரு சமுதாயமாக அதனுடன் எப்படிப் பழகுவது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

யார், எங்கே?

சென்னைக் காவல்துறை பழமையானது. 1856-ல் காவல் ஆணையர் தலைமையிலான முறை இங்கே வந்தது. 1888-ல் இயற்றப்பட்ட சென்னை நகரக் காவல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆணையர் அலுவலகம் நீண்ட காலம் எழும்பூரில் இயங்கியது. பிறகு வேப்பேரிக்கு மாறியது. எழும்பூர் கட்டடம் 2021-ல் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டலாம்.

நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 2022 ஜனவரி 1-ல் நடந்த மாற்றம். அதுவரை ஒன்றாக இருந்த பெருநகரக் காவல், சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று ஆணையரகங்களாகப் பிரிக்கப்பட்டது. நாம் "சென்னை" என்று பொதுவாகச் சொல்லும் பல பகுதிகள் இப்போது ஆவடி அல்லது தாம்பரம் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. நம் தெரு எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது, அது எந்த ஆணையரகத்தில் இருக்கிறது என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அவசரம் வந்தபின் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஒரு காவல் நிலையத்தின் பொறுப்பு ஆய்வாளரிடம், அதாவது நாம் இன்ஸ்பெக்டர் என்று சொல்பவரிடம் இருக்கும். சென்னையில் சட்டம் ஒழுங்கு, குற்றப்பிரிவு, போக்குவரத்து என்று தனித்தனி ஆய்வாளர்கள் உண்டு. அடிதடி, மிரட்டல் என்றால் சட்டம் ஒழுங்கு. திருட்டு, வழிப்பறி என்றால் குற்றப்பிரிவு. ஆய்வாளருக்கு மேல் உதவி ஆணையர், அவருக்கு மேல் துணை ஆணையர், இணை ஆணையர், கூடுதல் ஆணையர், ஆணையர் என்று படிகள் போகின்றன. பெரிய தொகை சம்பந்தப்பட்ட நில மோசடி, வேலைவாய்ப்பு மோசடி போன்றவற்றை மத்தியக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. கீழே கவனிக்கப்படாத புகாரை மேலே கொண்டுபோவதற்கு இந்தப் படிகளை அறிந்திருப்பது அவசியம்.

புகார் கொடுத்தால் கையில் ஒரு சீட்டு வர வேண்டும்

காவல் நிலையத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவது புகார் அல்ல. எழுதிக் கொடுத்து, அதற்கான அத்தாட்சியைக் கையில் வாங்கினால்தான் அது புகார். அந்த அத்தாட்சி இரண்டு வகைப்படும்.

முதலாவது சி.எஸ்.ஆர். ரசீது. நாம் கொடுத்த மனு பதிவேட்டில் ஏற்றப்பட்டு அதற்கு ஓர் எண் தரப்படும். மனு வந்தது, விசாரிக்கப்போகிறோம் என்பதற்கு மட்டுமே இது சான்று. வழக்கு பதிவானதாக இது ஆகாது. நம்மில் பலர் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று நினைத்து ஓய்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை. இதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கும். வழக்கு என்பது இதிலிருந்துதான் தொடங்குகிறது. நாம் கொடுக்கும் தகவலில் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது காவல்துறையின் கடமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 173-வது பிரிவில் நமக்குப் பயன்படும் விஷயங்கள் பல உள்ளன.

குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். "இது எங்கள் லிமிட் இல்லை" என்று சொல்லி நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது. அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தரப்பட வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது.

மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமானால், மேலதிகாரியின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, முகாந்திரம் உண்டா என்று பார்க்கலாம். அந்த 14 நாட்களைக் குறித்துவைத்துக்கொண்டு மீண்டும் போய்க் கேட்க வேண்டும்.

நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்து மூலம் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். ஆணையர் அலுவலகத்தில் புதன்கிழமைகளில் மக்களிடம் மனு வாங்கும் வழக்கமும் இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கொடுத்த மனுவின் நகலும் சி.எஸ்.ஆர். எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

வழக்கு பதிவான பிறகு 90 நாட்களுக்குள் விசாரணையின் நிலையைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 193-வது பிரிவு சொல்கிறது. "கேஸ் என்னாச்சு சார்?" என்று கேட்பது தொல்லை கொடுப்பது ஆகாது, அது நம் உரிமை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டு அட்வான்ஸ் தகராறு, பாகப்பிரிவினை, கொடுத்த கடன் திரும்பாதது போன்றவை பெரும்பாலும் சிவில் விவகாரங்கள். அவற்றைத் தீர்ப்பது காவல்துறையின் வேலை அல்ல. "ஸ்டேஷனில் கூப்பிட்டு மிரட்டி வாங்கித் தாருங்கள்" என்று நாமே போய்க் கேட்டால், சட்டத்துக்குப் புறம்பாக நடந்துகொள்ளும்படி நாமே அவர்களைத் தூண்டுகிறோம். இன்று நமக்காக மிரட்டப்படுபவரின் இடத்தில் நாளை நாமே நிற்க நேரலாம்.

கைப்பேசியில் பதிந்துவைக்க வேண்டிய எண்கள்

எந்த அவசரத்துக்கும் 112. பழைய 100 எண்ணையும் அழைக்கலாம். பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இவற்றை வீட்டில் உள்ள உம்மா, நன்னிமார்களின் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். 2018-ல் தமிழ்நாடு காவல்துறை 'காவலன்' செயலியைக் கொண்டுவந்தது. பின்னர் 'காவல் உதவி' செயலி வந்தது. ஆபத்து நேரத்தில் இருக்கும் இடத்தைக் காவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிப்பதற்காக இவை உருவாக்கப்பட்டவை. கல்லூரிக்கும் வேலைக்கும் போகும் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

இன்று நம் குடும்பங்களுக்கு அதிகம் தேவைப்படும் எண் 1930. இணையவழியில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் இது. தகவல் கிடைத்ததும், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குச் செய்தி போகும். மோசடிக்காரர் எடுப்பதற்கு முன்பு அந்தத் தொகையை முடக்குவதுதான் இதன் நோக்கம். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் நிமிடங்களில் பாய்ந்துவிடும் என்பதால், முதல் சில மணி நேரம்தான் மிக முக்கியம். அழைக்கும்போது வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் பணத்தை மீட்பது கடினம். ஆகவே பணத்தை இழந்தவரை வீட்டில் யாரும் திட்ட வேண்டாம். திட்டு விழும் என்ற பயத்திலேயே பல முதியவர்கள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் பெரியவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். போலீஸ் சீருடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றி, "உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று சொன்னால் அது நூற்றுக்கு நூறு மோசடி. வீடியோ அழைப்பில் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. முஸ்லிம் பெயர் என்பதால் 'தீவிரவாத வழக்கு' என்று சொல்லி மிரட்டினால் நாம் இன்னும் சீக்கிரம் பயந்துவிடுவோம் என்று மோசடிக்காரர்கள் கணக்குப் போடக்கூடும். இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930-ஐ அழையுங்கள்.

சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று போன்றவை தொலைந்துபோனால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் நாமே விவரங்களைப் பதிந்து, தொலைந்த ஆவண அறிக்கையைப் பெறலாம். புகார் அனுப்புவதும், சி.எஸ்.ஆர். நிலையை அறிவதும், எஃப்.ஐ.ஆர். பார்ப்பதும் அதே பக்கத்தில் முடியும். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுத் தலைவர்கள் அங்கிருந்தே இவற்றைப் பார்க்கலாம்.

பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையும் ஒரு சேவைதான். விண்ணப்பிக்கும்போதே கட்டணம் செலுத்திவிடுகிறோம். அதற்குமேல் விசாரிக்க வருபவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. "டீ செலவு" என்று கேட்டால் மரியாதையாக மறுத்துவிடலாம். வற்புறுத்தினால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லலாம். "வம்பு எதற்கு" என்று நாம் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய், கொடுக்க முடியாத ஏழைக் குடும்பத்துக்குக் கட்டாயமாகிவிடுகிறது.

பெண்களும் குழந்தைகளும்

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் நம் சென்னை ஆயிரம் விளக்கில்தான் தொடங்கப்பட்டது. ஆண் காவலர்கள் முன்னால் சொல்லத் தயங்கும் விஷயங்களைப் பெண்கள் பெண்களிடம் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். குடும்ப வன்முறை, வரதட்சணைக் கொடுமை, பெண்கள் மற்றும் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் ஆகியவற்றுக்கு நேராக அங்கேயே போகலாம்.

நம் சமுதாயத்தில் கணவன் மனைவி பிணக்கு முதலில் ஜமாஅத்துக்கு வருகிறது. இரு குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவது நல்ல வழக்கம். மனத்தாங்கல்களையும் வீண் பிடிவாதங்களையும் அப்படித் தீர்த்துவைத்த ஜமாஅத்துகள் ஏராளம். ஆனால் அந்த வழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. எலும்பு முறிய அடித்தவனிடமும், தீ வைப்பேன் என்று மிரட்டுபவனிடமும் "இனிமேல் செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கி அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது சமரசம் ஆகாது. அங்கே அவளுடைய உயிர் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. காவல் நிலையத்துக்குப் போக அவளுக்குத் துணையாக நிற்பதே அந்த நேரத்தில் ஜமாஅத் செய்ய வேண்டிய வேலை.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 18 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 21-வது பிரிவின்படி தண்டனைக்குரியது. இது பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும், மதரஸாவுக்கும் பொருந்தும், உறவினர் வீட்டுக்கும் பொருந்தும். "குடும்ப மானம்", "ஜமாஅத்தின் பெயர்" என்று சொல்லி இதைப் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரமில்லை.

பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுக்க வேண்டுமே என்று பெற்றோர் அஞ்ச வேண்டாம். அச்சட்டத்தின் 24-வது பிரிவின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி அதைச் செய்ய வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடவும் கூடாது.

நம் பிள்ளையை விசாரணைக்கு அழைத்தால்

நம் வீடுகளில் உள்ள பயத்தின் மையம் இதுதான். இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு உயிரிழந்ததை நாடே பார்த்தது. அந்த வழக்கில் காவல்துறையினரே கைது செய்யப்பட்டார்கள். அதைச் சொல்லிப் பயந்துகொண்டே இருப்பதைவிட, சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்புகளை அறிந்துவைத்திருப்பது பயன் தரும்.

பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். மற்றவர்களையும் எழுத்துமூல அழைப்பாணை கொடுத்துத்தான் அழைக்க வேண்டும்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றச்சாட்டுகளில் கைது அவசியமில்லை என்று கருதினால் முன்னிலையாகும்படி நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸின்படி போய் ஒத்துழைப்பவரைக் காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்யக் கூடாது. ஆகவே நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளிய வேண்டாம். வழக்கறிஞரைக் கலந்துகொண்டு குறித்த நாளில் போக வேண்டும். ஓடி ஒளிவதே நமக்கு எதிராகப் போய்விடும்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும்; குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும்; கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து இருக்க வேண்டும்; மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையும் உண்டு. தவிர்க்க முடியாத சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது.

வீட்டில் சோதனையிட்டால் அதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. எடுத்துச்செல்லும் பொருட்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். விசாரணையில் நாம் சொல்லும் வாக்குமூலத்தை எழுதினால் அதில் நம் கையெழுத்தை வாங்கக் கூடாது என்பது சட்டம். வெற்றுத்தாளில் எந்த நிலையிலும் கையெழுத்திட வேண்டாம்.

காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும், பதிவுகளைப் பாதுகாத்துவைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்துமீறல் நடந்தால் மனித உரிமை ஆணையத்திடமோ நீதிமன்றத்திடமோ உடனே முறையிட்டு அந்தப் பதிவை வரவழைக்கக் கேட்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

மக்களை நெருங்கும் முயற்சிகள்

வழக்கு, விசாரணை தவிர வேறு வழிகளிலும் காவல்துறை மக்களிடம் வருகிறது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் வாழும் பகுதிகளில் காவல் சிறார் மன்றங்கள் நடக்கின்றன. மாலையில் படிப்பு, விளையாட்டு என்று பிள்ளைகள் தவறான சேர்க்கையில் போகாமல் இருக்க அவை உதவுகின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'சிற்பி' திட்டத்தில் சென்னையின் 100 பள்ளிகளிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவர்கள் 5,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2021-ல் தொடங்கிய 'காவல் கரங்கள்' தெருவில் ஆதரவின்றிக் கிடப்பவர்களை மீட்டு இல்லங்களில் சேர்க்கிறது. உரிமை கோரப்படாத உடல்களைத் தொண்டு அமைப்புகளுடன் சேர்ந்து அடக்கம் செய்கிறது. 'மூன்றாவது கண்' என்ற பெயரில் வணிகர்கள், குடியிருப்போர் ஆகியோரின் உதவியுடன் தெருக்கள்தோறும் கேமராக்கள் பொருத்தப்பட்டதையும் நாம் பார்த்தோம்.

இந்த முயற்சிகளில் நம் பிள்ளைகளும் ஜமாஅத்துகளும் பங்கெடுக்கத் தடையில்லை. ஆதரவற்ற ஒருவர் முஸ்லிம் என்று தெரிய வந்தால் அவரது ஜனாஸாவை நல்லடக்கம் செய்ய முன்வருவதாக உள்ளூர் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவைப்பது ஒரு ஜமாஅத்துக்கு எளிதான, பெரிய நன்மை.

அதேநேரம், நெருக்கம் என்பதற்குப் பொறுப்பும் வேண்டும் என்பதை 'போலீஸ் நண்பர்கள் குழு'வின் கதை காட்டுகிறது. 1993-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் அப்போதைய காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய திட்டம் அது. மக்களுக்கும் காவல்துறைக்கும் பாலமாகத் தன்னார்வலர்கள் இருக்க வேண்டும் என்பது நோக்கம். மாநிலம் முழுவதும் பரவியது. ஆனால் சாத்தான்குளம் சம்பவத்தை அடுத்து அக்குழுவினர் மீதும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2020 ஜூலையில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. காவல்துறைக்கு வேண்டியவராக இருப்பது வேறு, மக்களின் பிரதிநிதியாக அங்கே போவது வேறு. இந்த வேறுபாடு மறைந்தால் பாலம் என்று வைத்தது புரோக்கர் வேலையாகிவிடும்.

சென்னை முஸ்லிம்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2020 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையில் கூடியிருந்தவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. அன்றிரவே பல ஊர்களில் மறியல்கள் வெடித்தன. அப்போதைய ஆணையர் ஏ.கே. விஸ்வநாதன் முஸ்லிம் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். பிடித்து வைக்கப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதன்பின் மார்ச் மாதம் கொரோனா பரவல் வரும்வரை அந்தப் போராட்டம் வாரக்கணக்கில் தொடர்ந்தது.

இதிலிருந்து இரு தரப்பும் படிக்க வேண்டிய பாடம், பேச்சுவார்த்தை மேசை தடியடிக்குப் பின்பு அல்ல, முன்பே போடப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான். ரமலான் மாதத்தில் இஃப்தாருக்கு அதிகாரிகளை அழைத்துப் படம் எடுத்துக்கொள்வது மட்டும் நல்லுறவு ஆகிவிடாது. மற்ற பதினொரு மாதங்களில் நம் தெருவின் குறைகளை அவர்கள் காதுக்குக் கொண்டுபோகிறோமா என்பதே முக்கியம்.

ஒவ்வொரு மஹல்லாவும் செய்யக்கூடியவை

பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் காவல் நிலையம், மகளிர் காவல் நிலையம் ஆகியவற்றின் எண்களோடு 112, 181, 1098, 1930, 15100 ஆகிய எண்களையும் எழுதி ஒட்டலாம். ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிடம் அறிவித்தால் ஒரே வாரத்தில் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

மஹல்லாவில் உள்ள வழக்கறிஞர்கள் இருவர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், படித்த பெண்கள் இருவர் என்று ஒரு சிறு குழு அமைக்கலாம். புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும், கூடப் போவதும், சீட்டு வாங்கும்வரை இருப்பதும் அவர்கள் வேலை. பெண்கள் சொல்வதைக் கேட்கப் பெண்கள்தான் இருக்க வேண்டும். யாருக்காகவும் சிபாரிசு செய்வதில்லை, யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்பது அந்தக் குழுவின் முதல் விதியாக இருக்கட்டும்.

பொதுக்கூட்டம், ஊர்வலம் நடத்த சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின் கீழ் அனுமதி தேவை. ஐந்து நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அது இருந்தால்தான் நீதிமன்றத்துக்குப் போக முடியும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியையும் நாமே முந்திக்கொண்டு கடைப்பிடித்தால் வீண் உரசல்கள் வராது.

நம் தெருவில் போதைப்பொருள் விற்கப்படுகிறது, விளக்கு எரியாத சந்தில் பெண்கள் நடக்க அஞ்சுகிறார்கள், பள்ளிவிடும் நேரத்தில் வாகன நெரிசல் என்பவை போன்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்து மூலம் கொடுத்து ஆய்வாளரைச் சந்திக்கலாம். அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். தெருவின் பிரச்சினை எல்லோருக்கும் பொதுவானது. சேர்ந்து போனால் அது ஒரு சமுதாயத்தின் கோரிக்கையாகச் சுருங்காமல் குடிமக்களின் கோரிக்கையாக நிற்கும். நல்ல வேலை செய்த காவலருக்கு நன்றிக் கடிதம் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பவும் தயங்க வேண்டாம்.

நம் பிள்ளைகள் காவல் பணிக்கும் வர வேண்டும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், உதவி ஆய்வாளர் தேர்வுகளை நடத்துகிறது. இத்தேர்வுகளுக்கு மஹல்லா நூலகத்தில் புத்தகங்களும், பள்ளி மைதானத்தில் உடற்பயிற்சியும் ஏற்பாடு செய்வது பெரிய செலவல்ல. தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது நம் பொறுப்பு.

காவலருக்குச் சம்பளம் நம் வரிப்பணத்திலிருந்து போகிறது. அவர்கள் பணிபுரியும் கட்டடமும் நம்முடையதுதான். அங்கே குனிந்து போகவும் வேண்டாம், முறைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். எழுதிய மனுவின் இரண்டு நகல்களையும், உடன் வர ஒருவரையும், சட்டம் என்ன சொல்கிறது என்ற தெளிவையும் எடுத்துக்கொண்டு போனால் போதும். இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள்: வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, நம் தெரு எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் அங்கிருந்தே தொடங்கலாம்.